நடு ஸ்டேஷனில் கை நனைத்த கதை

எங்கள் மலையை ஊர் என்று சொன்னால் பட்டணத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மலை மலைதானே, அது எப்படி ஊராகும் என்பார்கள். ஆகும். போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. தபால் ஆபீஸ் இருந்தது. முருகன் கோயில் இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே மசூதி இருந்தது. சண்டை போட அக்கம்பக்கமும் இருந்தது. இதற்கு மேல் ஓர் ஊருக்கு என்ன வேண்டும்?

பினாங்குக் கொடிமலையைத்தான் சொல்கிறேன். நான் பிறந்தது அதன் உச்சியில். வாழ்க்கைப்பட்டது நடு மலையில். இப்போது மகனோடு இருப்பது அடிவாரத்தில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில். வாழ்க்கை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். எங்கள் பிளாட்டில் லிப்ட் அடிக்கடி கெட்டுப்போகும். இந்த வயதிலும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மலைக்குக் கொடிமலை என்று பெயர் வந்த கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் உச்சியில் ஒரு கொடிமரம் இருந்தது. கடலில் கப்பல் தெரிந்தால் மேலே கொடி ஏறும். கீழே துறைமுகத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்து, கப்பல் வருகிறது, கடிதம் வருகிறது என்று தயாராவார்களாம். அதற்கும் முன்னால் வெள்ளைக்காரர்கள் ஸ்டிராபெரி பயிரிடக் காட்டை வெட்டினார்களாம். பழம் தின்னக் காட்டை வெட்டினார்கள், பிறகு குளிருக்காக பங்களா கட்டினார்கள். கீழே வேர்த்து ஊற்றி, காய்ச்சலில் படுத்தவர்கள் மேலே போய்ப் போர்வை போர்த்திக்கொண்டு பிழைத்தார்கள்.

போனார்கள் என்றால் நடந்து போகவில்லை. நாற்காலியின் இரு பக்கமும் மூங்கில் கட்டி, ஆள்கள் தோளில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அதற்கு டோலி என்று பெயர். என் அப்பாவின் அப்பா டோலி தூக்கியவர். வெள்ளைக்காரர்கள் மலை ஏறினார்கள் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களாம். ஏறியது அவர்கள்தான், மூச்சு வாங்கியது எங்கள் தாத்தா. பிறகு ரயில் வந்தது. முதலில் போட்ட ரயில் ஏறவே இல்லையாம். பிழைப்பு தப்பியது என்று தாத்தா அன்று கடைத்தெருவில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். அடுத்துப் போட்ட ரயில் ஏறிவிட்டது. அந்தத் தேநீருக்குப் பரிகாரமாகத்தானோ என்னவோ, எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக ரயில்காரரையே பார்த்து என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது இல்லாத என் வீட்டுக்காரர், ரயிலை இழுக்கிற இரும்புக் கம்பி ஓடும் உருளைகளுக்குக் கிரீஸ் போட்டவர். எங்களுக்கு நடு ஸ்டேஷனை ஒட்டி ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். பழைய ரயில் ஒரே மூச்சில் உச்சிக்குப் போகாது. பாதி மலையில் நிற்கும். எல்லாரும் இறங்கி, எதிரில் நிற்கும் இன்னொரு ரயிலில் ஏறிக்கொள்ள வேண்டும். அந்தப் பாதி மலைதான் நடு ஸ்டேஷன். நாள் முழுதும் எங்கள் வீட்டு வாசலில் ஊரே இறங்கி ஏறும். சமையல் செய்துகொண்டே நான் கல்யாணப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், கன்னியாஸ்திரிகள், கோழிக்கூடைகள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர யாரோடும் பேசியதில்லை. எனக்குக் கூச்சம். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதுகூட படிப்பு வராமல் இல்லை. பெரிய பள்ளியில் எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதால்தான்.

இப்போது பழைய ரயில் இல்லை. புது ரயில் குளுகுளுவென்று கண்ணாடி வைத்து, அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நேராகப் பறக்கிறது. காது அடைத்துத் திறப்பதற்குள் மேலே. எங்கள் வீட்டையும் இடித்துவிட்டார்கள். நான் அதற்காக அழவில்லை. கூரை ஒழுகும் வீடு அது, அட்டை வேறு ஏறும்.

கதைக்கு வருகிறேன். என் கடைசி மகனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. பத்து காவானில் ஒரு பேக்டரியில் டெக்னிஷியன் வேலை. அங்கே ஆபீசில் வேலை செய்யும் ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவள் அம்மா இல்லாத பெண். அப்பா கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், செபராங் ஜெயாவில் வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

"அப்பா சரின்னு சொன்னாதான் கல்யாணமாம். இல்லன்னா இல்லையாம். அவரு மனசு நோக விடமாட்டாளாம்" என்றான் மகன்.

"அவர் என்ன சொல்றாரு?"

"ஒன்னும் சொல்ல மாட்றாரு. சரின்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. பேச்ச எடுத்தாலே பேப்பரத் தூக்கி வச்சிக்கிறாராம்."

அவன் சாப்பிடாமல் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நாற்பதை நெருங்குகிற பிள்ளை தட்டில் கோடு போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரரின் அக்காவுக்குப் போன் போட்டேன்.

அண்ணி எனக்கு நேர் எதிர். எனக்கும் சேர்த்துப் பேசப் பிறந்தவர். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி என்றாலும் பேசுவது அண்ணி, பலகாரம் செய்வது நான். அவர் அந்தப் பெண்ணின் அப்பாவோடு போனில் பேசி, இரண்டே நாளில் ஏற்பாடு செய்துவிட்டார். ஆனால் அந்த ஐயா ஒரு நிபந்தனை வைத்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார், எங்களைத் தன் வீட்டுக்கும் கூப்பிடமாட்டார்.

இது எங்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும், ஒரு துண்டு பலகாரம் கடித்தாலும் பாதிச் சம்மதம் சொன்ன மாதிரி. வீட்டுக்கு வந்தால் தட்டு நீட்டாமல் இருக்க முடியாது, நீட்டினால் தொடாமல் இருப்பது அவமரியாதை. அதனால் பொது இடம். எந்தப் பொது இடம் என்று யோசித்து, கொடிமலை உச்சியில் முருகன் கோயில் என்று முடிவானது. சாமி கும்பிடப் போனோம், தற்செயலாகப் பார்த்தோம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளலாம். சாப்பாடு அவரவர் கீழே இறங்கி, அவரவர் வழியில்.

"நீ கேசரி செஞ்சு எடுத்துக்க. பிளாஸ்க்ல டீயும் எடுத்துக்க" என்றார் அண்ணி.

"கை நனைக்க மாட்டாங்களே அண்ணி?"

"சரின்னு சொன்ன ஒடனே வாய அடைக்கணும்லா. மனசு மாறிட்டா?"

பிறகுதான் அண்ணி மெதுவாக விஷயத்தைச் சொன்னார். "இங்க பாரு, அவங்க வம்சமே கிராணி வம்சம். நாம கிரீஸ் போட்டோம்னு எப்படிச் சொல்றது? மலை மேல பங்களாவுல இருந்தோம்னு சொல்லிட்டேன்."

"பங்களாவுலயா!"

"ஜன்னலத் தொறந்தா பங்களா தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? கொஞ்சம் கிட்ட போய்ட்டோம், அவ்ளோதான். நீ எதும் பேசாத. சிரிச்சா போதும்."

அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அடிவார ஸ்டேஷனில் ஜனம் தேர்த் திருவிழா மாதிரி நின்றது. வெள்ளைக்காரர், சீனர், அரபு நாட்டுக் குடும்பங்கள், கோலாலம்பூரிலிருந்து வந்த நம் ஆள்கள். எல்லார் கையிலும் சுவெட்டர். மலை இப்போது அவ்வளவு குளிர்வதில்லை, அது அவர்களுக்குத் தெரியாது. மேலே போய்ச் சுவெட்டர் போட்டுக்கொண்டு ஐஸ் கச்சாங் சாப்பிடுவார்கள். மரங்களுக்கு மேலே நடக்கிற பாலத்தில் நடப்பார்கள். காதலர்கள் கம்பி வேலியில் பூட்டு மாட்டிவிட்டு வருவார்கள். நாங்கள் குடியிருந்த காலத்தில் வேலியில் பூட்டு மாட்டினால் ஆடு உள்ளே வராமலிருக்க என்று அர்த்தம்.

அந்த ஐயாவை அங்கேதான் முதலில் பார்த்தேன். மெலிந்த உயரம். முழுக்கைச் சட்டை, காலர் பட்டன் வரை போட்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு, பல்லைக் காட்டவும் வெட்கப்படவில்லை, அளவுக்கு மீறியும் காட்டவில்லை. எனக்கு அப்போதே பிடித்துப்போனது. அண்ணி உடனே பேச ஆரம்பித்தார். ரயிலில் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை. மகனும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேசரி டப்பாவையும் பிளாஸ்க்கையும் பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். ஐயா எனக்குப் பின்னால்.

புது ரயில் நடு ஸ்டேஷனில் நிற்பதில்லை. ஆனால் மலையில் வேலை செய்கிறவர்கள் கேட்டால் நிறுத்துவார்கள். அன்று ஏதோ ஒரு பங்களாவின் தோட்டக்காரர் காய்கறி மூட்டையோடு வந்திருந்தார். அவருக்காக ரயில் நின்றது. கதவு திறந்தது.

நடு ஸ்டேஷன். கதவு திறக்கிறது. நான் இறங்கிவிட்டேன்.

யோசித்து இறங்கவில்லை. மூளைக்குச் சொல்லாமல் கால் இறங்கிவிட்டது. வாழ்நாள் முழுதும் அந்த இடத்தில் கதவு திறந்தால் இறங்கித்தான் பழக்கம். இறங்கி, நான்கு எட்டு வைத்து, எதிர் ரயில் நிற்கிற பக்கம் பார்த்தேன். எதிர் ரயில் இல்லை. புல்தான் இருந்தது. திரும்பினேன். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அண்ணி இன்னும் பேசிக்கொண்டே மேலே போனார்.

பக்கத்தில் செருமும் சத்தம் கேட்டது. பார்த்தால், ஐயா.

"மற்ற ரயில் எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"இல்லீங்கையா. இப்ப மத்த ரயில் கெடையாது."

"அப்ப ஏன் நீங்கள் இறங்கினீங்கள்?"

"பழக்கதோஷம்" என்றேன்.

அவர் மேலே போகிற ரயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானும் முந்தி ஒருக்கா ஆபீஸ் ஆக்களோட வந்தனான். அப்ப எல்லாரும் இதிலதான் இறங்கினவை. நீங்கள் அவ்வளவு தைரியமா இறங்கினீங்கள், சரி எண்டு நானும் பின்னால இறங்கிட்டன்."

என் வாழ்க்கையில் என்னைத் தைரியசாலி என்று ஒருவர் நம்பியது அதுதான் முதல் தடவை. அதன் பலனைப் பாருங்கள். தோட்டக்காரர் மூட்டையோடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காட்டுப்பாதையில் போய்விட்டார்.

பையில் போன் அடித்தது. மகன் வாங்கிக் கொடுத்த போன். எனக்குக் காது மந்தம் என்று சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறான். அதைக் குறைக்க எனக்குத் தெரியாது.

"அம்மா! எங்கம்மா இருக்கீங்க?"

"நடுவுல."

"நடுவுலன்னா?"

போன் கைமாறிய சத்தம். அண்ணியின் குரல் மலையெல்லாம் கேட்டது. "நீ எதுக்கு அங்க எறங்கின? கூட யாரு?"

"ஐயா இருக்காரு."

"எந்த ஐயா? ஐயய்யோ! அவரா? தனியாவா? கேளு, எதும் பேசாத, சிரிச்சுக்கிட்டே இரு. பங்களா விஷயத்தை மட்டும் வாயத் தொறந்துடாத!"

நான் போனைப் புடவைத் தலைப்பில் சுற்றினேன். சுற்றினாலும் கேட்டது. மகன் மறுபடி பேசி, ஸ்டேஷன் ஆள்களிடம் சொல்லிவிட்டதாகவும், இடம் இருக்கிற ரயில் நின்று ஏற்றிக்கொள்ளும் என்றும், அதுவரை எங்கும் நகர வேண்டாம் என்றும் சொன்னான். ஐயா எதிரே இருந்த மரத்தில் ஏதோ குரங்கைத் தேடுவதுபோல் தேடிக்கொண்டிருந்தார். அங்கே குரங்கு இல்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

காலைப் பனி இன்னும் முழுதாக விலகவில்லை. புல்லுக்கு நடுவில் ஒரு சிமெண்ட் மேடை இருந்தது. அவர் கைக்குட்டையால் தூசி தட்டி, என்னை உட்காரச் சொல்லி, தள்ளி அவரும் உட்கார்ந்தார்.

மேலே போகிற ரயில் ஒன்று வந்தது. நிற்கவில்லை. நெருக்கியடித்துக்கொண்டு ஜனம். கண்ணாடியில் முகங்கள் ஒட்டியிருந்தன. எங்களைப் பார்த்ததும் சிலர் கையாட்டினார்கள், சிலர் போட்டோ எடுத்தார்கள். காட்டுக்கு நடுவில், நரைத்த தலையோடு பட்டுப்புடவையில் ஒரு பெண், முழுக்கைச் சட்டையில் ஓர் ஆண், நடுவில் ஒரு பை. அவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! கீழே வருகிற ரயிலும் அப்படியே. ஒரு சீனப் பாட்டி எங்கள் இருவரையும் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு மேடைக்குள்ளேயே புதைந்துவிடலாமா என்றிருந்தது.

ஐயா கூச்சத்தை மறைக்க மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். படித்தவர், எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். காய்ச்சல் பிடித்த வெள்ளைக்கார ஆபீசர்கள், அவர்களுக்கு வந்த குதிரை, டோலி, பங்களாக்களின் தோட்டத்தில் அவர்கள் வளர்த்த சீமைப் பூக்கள். "அந்தக் காலத்தில இதுதான் இந்த நாட்டில முதல் மலை வாசஸ்தலம் எண்டு சொல்லுறவை" என்றார்.

"எங்க தாத்தா டோலி தூக்கினவரு" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அப்பிடியோ!" என்று திரும்பினார். "பாரமா இருந்திருக்குமே?"

"ஒல்லி வெள்ளைக்காரனுக்கும் குண்டு வெள்ளைக்காரனுக்கும் ஒரே கூலிதானாம். அதனால தாத்தா வரிசையில நிக்கிறப்ப குண்டு ஆளு வர்றாருன்னு தெரிஞ்சா குனிஞ்சு செருப்பு வாரக் கட்டுவாராம்."

அவர் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கை நடுங்கியது எனக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை.

"ஐயாவுக்கு இனிப்பு நீரா?"

"ஓம். காலமை ஊசி போட்டனான், சீனி இறங்கிட்டுது. இவ்வளவு நேரம் செல்லும் எண்டு நினைக்கேல்லை. மிட்டாய் மகளிட பையுக்குள்ள."

நான் டப்பாவைத் திறந்தேன். நெய் வாசனை வந்தது. பிளாஸ்க்கைத் திருகினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம், வேண்டாம். இப்பதான் தேத்தண்ணி குடிச்சனான்."

எப்போது குடித்தாராம்? அவர் வயிறு உடனே ஒரு சத்தம் போட்டது, அவர் சொல்வது பொய் என்று. எனக்கு விளங்கியது. கை நனைக்கக் கூடாது. மயங்கி விழுந்தாலும் நனைக்கமாட்டார். இந்த மனிதர் இங்கே விழுந்தால் என் மகன் கல்யாணம் இதோடு சரி. அது கிடக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு இருப்பது இந்த ஓர் அப்பாதான்.

"ஐயா, சாப்பிடுங்க. இது வீடு இல்லையே" என்றேன்.

அந்த வார்த்தை அவரை நிறுத்தியது. கிராணி மூளை வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். "ஓம்," என்றார் மெதுவாக. "இது ரயில்காரற்ற இடம். பொது இடம். உங்கட வீடும் இல்லை, எங்கட வீடும் இல்லை. சட்டப்படி பார்த்தால் இது கை நனைக்கிறதில சேராது."

"சேராது" என்றேன்.

ஒரு துண்டு எடுத்தார். மிச்சமில்லாமல் தின்றார். இன்னொரு துண்டு. டீயையும் ஊற்றிக் கொடுத்தேன், ஊதி ஊதிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று, முகத்தில் ரத்தம் வந்தது. நான் முருகனுக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்:

"உங்கட பங்களா இஞ்சை இருந்து தெரியுமோ?"

அண்ணி போனில் கத்தியது இவர் காதிலும் விழுந்திருக்கிறது. எனக்கு அண்ணியின் முகம் ஞாபகம் வந்தது. சிரித்துப் பார்த்தேன். சிரிப்புப் போதவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல நிறையப் பேச வேண்டும், எனக்கு அவ்வளவு பேச வராது. உண்மை சின்னதாக இருந்தது.

"பங்களா இல்லீங்கையா. அது அண்ணி சும்மா சொன்னது. அவங்க தம்பி ரயிலுக்குக் கிரீஸ் போட்டவரு. எங்க வீடு இங்கதான் இருந்துச்சு."

"இங்க எண்டால்?"

"இங்கயேதான். நீங்க உக்காந்திருக்கிறது எங்க அடுப்பு மேடை."

அவர் சுடுபட்டவர் மாதிரி எழுந்தார். மேடையைப் பார்த்தார். கையில் மிச்சமிருந்த கேசரியைப் பார்த்தார். மேடையின் மூலையில் இன்னும் கரி படிந்திருந்தது, இத்தனை மழை பெய்தும் போகவில்லை.

"அப்ப நான் உங்கட குசினிக்குள்ள இருந்து சாப்பிட்டிருக்கிறன்!"

"அதெல்லாம் கணக்குல வராதுங்கையா" என்றேன் அவசரமாக. "வீடுதான் இடிச்சாச்சே. கூரை இல்ல, கதவு இல்ல. நீங்க சொன்ன மாதிரி பொது இடம்தான். நீங்க யோசிச்சு, உங்க மனசுக்குச் சரின்னு பட்டாச் சொல்லுங்க. பொண்ணப் பெத்தவங்க."

அவர் மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். மகன் தட்டில் கோடு போடுவது கண்முன் வந்தது.

"பங்களாவே இல்லையோ?" என்று திரும்பவும் கேட்டார்.

"இல்லீங்க. ஜன்னலத் தொறந்தா தெரியும்."

அவர் மறுபடி உட்கார்ந்தார், அதே மேடையில். "உங்கட மச்சாள் பங்களா எண்டு சொன்ன நாளில இருந்து எனக்கு நித்திரை இல்லை. எங்கட வீட்டில ரெண்டு அறை. நான் வாழ்நாள் முழுக்க பெரிய ஆக்களுக்குக் கடிதம் அடிச்சுக் குடுத்தவன். என்ர பிள்ளை பங்களா வீட்டுக்குப் போய் ஒரு மூலையில ஒடுங்கி இருக்கக் கூடாது எண்டு பயம். அதுதான்..." என்று ஏதோ சொல்ல வந்தார்.

அப்போது பார்த்து ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. "ஏறுங்க, ஏறுங்க, சீக்கிரம்!" என்றார் ஓட்டுநர். உள்ளே நெரிசலில் எங்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டார்கள். 'அதுதான்' என்றால் என்ன? அதுதான் சம்மதமா, அதுதான் சம்மதமில்லையா? ஓர் அரபுப் பெண்ணின் முழங்கைக்கு அடியில் நின்றுகொண்டு இதையே யோசித்தேன். வழியில் வரும் சுரங்கத்தைத் தாண்டிய பிறகும் அவர் முகம் தெரியவில்லை.

மேலே வாசலிலேயே அண்ணி என்னைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"எதாச்சும் பேசினியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா! நீயா!"

அதற்குள் ஐயா வந்துவிட்டார். அண்ணி சட்டென்று முகத்தை மாற்றி, அவரைக் கைப்பிடிச் சுவரோரம் கூட்டிப்போனார். அங்கிருந்து பட்டணம், துறைமுகத்துக் கப்பல்கள், கடலுக்குக் குறுக்கே போகிற பாலம், அக்கரை எல்லாம் தெரியும். அதற்காகத்தான் இத்தனை பேர் வருகிறார்கள், என்னைக் கேட்டால் வரவும் வேண்டும். அண்ணி கடலைக் காட்டவில்லை. மரங்களுக்கு நடுவில் தெரிந்த ஒரு பெரிய வெள்ளைப் பங்களாவைக் காட்டினார்.

"அந்தப் பக்கம்தாங்க நாங்க இருந்தது."

நான் அண்ணியின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அப்பிடியோ?" என்றார் ஐயா. "எத்தினை அறை?"

"எண்ணுனதில்லீங்க. அவ்ளோ அறை."

"குசினி எந்தப் பக்கம்?"

"அது... பின்னால. குசினிக்கே தனி வாசல்."

"நல்ல காத்தோட்டமா இருந்திருக்கும்."

"பயங்கரக் காத்துலா! அடுப்பே அணைஞ்சிரும்!"

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குப் பயம் வந்தது. மறுப்பதற்கு முன்னால் நம்மை வைத்து வேடிக்கை பார்க்கிறாரோ என்று தோன்றியது. மகன் என்னைப் பார்த்தான், என்னம்மா என்று கண்ணால் கேட்டான். நான் தரையைப் பார்த்தேன்.

ஐயா மகள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, எனக்குப் பசிக்குது."

அவள் பதறி மிட்டாயை எடுத்தாள். "கீழ போயிடலாம்பா. அங்க போய்ச் சாப்பிடலாம்."

"கீழ ஏன்? இஞ்சையே கடை இருக்குத்தானே. எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுவம்."

அந்தப் பெண் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண் நிறைந்தது. அப்புறம், முன்பு பார்த்தேனே அந்தச் சிரிப்பு, அதை இந்தத் தடவை அளவு பார்க்காமல் சிரித்தாள். என் மகன் சாப்பாட்டுக் கடைகள் இருந்த பக்கம் ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். மீ கோரெங், வடைத் துண்டுகளும் குழம்புமான பசம்பூர், நாசி லெமாக், ஐஸ் கச்சாங் என்று ஒரு கல்யாணப் பந்திக்கு ஆகிற அளவு வாங்கி வந்து மேசையில் இடமில்லாமல் வைத்தான்.

முருகன் கோயில் அப்புறம் என்றானது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கல்யாண விஷயத்தில் அவருக்கும் அவசரம் தெரியும்.

எல்லாரும் உட்கார்ந்தோம். அண்ணி மட்டும் சாப்பாட்டைத் தொடாமல், பேச்சில் இன்னும் பங்களாவின் மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். படி தேக்காம், கைப்பிடி பித்தளையாம். என் பக்கம் குனிந்து, மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "சாப்பாடு கெடக்கட்டும்லா. சம்மதமா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லச் சொல்லு உன் மகனை."

"அத்தை," என்றான் மகன், "அவரு உங்க தட்டுலேர்ந்துதான் எடுத்துச் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

அண்ணி தன் தட்டைப் பார்த்தார். பசம்பூரில் பாதி காணோம். ஐயா முள்கரண்டியை நீட்டி, அடுத்த வடைத் துண்டைக் குத்திக்கொண்டிருந்தார். அண்ணி ஒருவழியாகப் பங்களா மாடிப்படியிலிருந்து இறங்கினார். பிறகு தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "குழம்ப ஊத்திக்குங்க சம்பந்தி, வெறும் வடை தொண்டையில மாட்டும்" என்றார்.